பீடமும் மேசையும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
14.9.2024

என் தங்கச்சி பிலோவுக்கு அக்கா ரஞ்சிதம் எழுதுவது. மலைமேல் நீயும் மடத்துச் சகோதரிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே நான் நன்றாக இருக்கிறேன். கலைச்செல்வன் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. உன் மாமா இறந்து ஏழு வருஷமாகியும், பிள்ளை இருந்ததால் வீடு வீடாக இருந்தது. இப்போது நானும் தையல் மிஷினும்தான்.

பெரிய சேதி ஒன்று. நம் கோயிலை மூடிவிட்டார்கள். போன மாதம் பூசை நடந்துகொண்டிருக்கும்போதே கூரைக் காரை பெயர்ந்து பீடத்தின் மேல் விழுந்தது. நல்லவேளை, சாமியார் அப்போது பிரசங்கத்தில் இருந்தார். நீளமான பிரசங்கம் அன்றைக்கு ஓர் உயிரைக் காப்பாற்றியது.

கோயிலைப் புதுப்பிக்கும்வரை பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டகையில் பூசை. அதற்கு ஒரு மரப்பீடம் வேண்டும். பீடத்துணி தைப்பதும் துவைப்பதும் நான் என்பதால், தட்டாஞ்சாவடியில் மரப்பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் அளவு சொல்ல என்னையே அனுப்பினார் சாமியார்.

"ஆறடிக்கு மூணடி, சரி. நடுவுல எதுக்கும்மா ஒரு சாண் சதுரத்துல பள்ளம்?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

"அதுல கல்லு பதிக்கணும். கல்லுக்குள்ள ஒரு புனிதரோட எலும்புத் துணுக்கு இருக்கு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் லூத்தரன் சபைக்காரராம். ஆதியில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கல்லறைமேல்தான் பூசை வைத்தார்கள், அந்த ஞாபகத்துக்குத்தான் கல் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பக்கத்திலிருந்த பலகையைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஒரு ஆளு தூங்குற எடம்னு நெனச்சி செய்றேன். சிராய் இல்லாம செய்யணும்."

பரவாயில்லை, வேலை தெரிந்தவர். உன் ஜெபத்தில் என்னையும் பிள்ளையையும் வைத்துக்கொள்.

ரஞ்சிதம்

---

மலைமடம்
2.10.2024

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவர் உன்னையும் பிள்ளை கலைச்செல்வனையும் காப்பாராக. முழங்கால் பரவாயில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எங்கள் மதருக்கு இருமல். மற்றபடி பதினோரு பேரும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் பார்ப்பது ஒரே பீடம்தான். அதுவும் கம்பித்தடுப்புக்குப் பின்னாலிருந்து, பக்கவாட்டில். பூசையில் சாமியாரின் வலது காது எனக்கு நன்றாகத் தெரியும். வேறு சபைகளின் பீடம் எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. பத்தொன்பது வயதில், வெளியே போகாத இந்த மடத்துக்குள் வந்தவளுக்கு எங்கே வாய்ப்பு? நீ வெளியே இருப்பவள். எனக்காகப் போய்ப் பார்த்து எழுதேன். அந்தப் பட்டறைக்காரரின் லூத்தரன் கோயிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். அவர் பெயரை நீ சொல்லவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தனியாள்தானே என்று பழையதைத் தின்னாதே.

உன் பிலோ

---

முத்தியால்பேட்டை
28.10.2024

பிலோ கண்ணு,

சுகமா? மதருக்கு இருமலுக்குச் சித்தரத்தைப் பொடி அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் போட்டுக் கொடு.

அவர் பெயர் மதிவாணன். கருவடிக்குப்பத்தில் வீடு. மனைவி தவறி ஒன்பது வருஷமாம். பிள்ளை இல்லை. கேட்டாயே என்று எழுதுகிறேன்.

பீடம் வந்துவிட்டது. தேக்கு. கை வைத்தால் வழுக்குகிறது. கல்லைப் பதித்தபோது ஒரு நூல் இடைவெளி இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்குப் போனேன், நீ சொன்னதால்தான். அவர்கள் பீடம் சுவரை ஒட்டி இருக்கிறது, நம் கோயிலின் பழைய படத்தில் இருக்கிற மாதிரி. பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுத்திரி, சிவப்புத் துணி. அவர்கள் சபை பிறந்த சீர்திருத்தத் திருநாள் என்பதால் சிவப்பாம். கல்லும் கிடையாது, எலும்பும் கிடையாது. பீடத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு மரக்கிராதி. திருவிருந்துக்கு எல்லாரும் அதில் முழந்தாளிட்டு வாங்குகிறார்கள். பணக்காரரும் கூலிக்காரரும் தோளோடு தோள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன், பயப்படாதே.

ஆனால் ஒன்று, பிலோ. பூசை முடிந்ததும் ஒரு அம்மாள் வந்து அந்தச் சிவப்புத் துணியை மடித்தார். மூலைக்கு மூலை பிடித்து, மடிப்பின்மேல் உள்ளங்கையால் ஒரு இழுப்பு. அப்படியே நான் மடிக்கிற மாதிரி. பக்கத்தில் போய், "கஞ்சி அரிசியா, மாவா?" என்று கேட்டேன். "ஜவ்வரிசி" என்றார். அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மதிவாணன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுதுகிறேன். பள்ளிச் சீருடை இருபது பாக்கி.

அக்கா

---

மலைமடம்
20.11.2024

அன்புள்ள அக்கா,

நலம்தானே? சித்தரத்தையால் மதர் பிழைத்தார். உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

திருவருகைக்காலம் பிறக்கப்போகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் எழுத அனுமதியில்லை என்று உனக்குத் தெரியும். அதனால் அவசரமாக எழுதுகிறேன். ஜவ்வரிசிக் கஞ்சி விஷயத்தைச் சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அடுத்து யார் பீடம் என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

வாசலில் நின்றவர் ஏன் சிரித்தார்? நீ கேட்கவில்லையா?

பிலோ

---

முத்தியால்பேட்டை
28.12.2024

பிலோ,

உனக்கும் மதருக்கும் மற்றவர்களுக்கும் பாலன் இயேசுவின் சமாதானம். உயிரோடு, உடம்போடு, வீட்டோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், புயல் சேதி உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை இரவெல்லாம் அடித்த மழையைப் புதுச்சேரி என்றைக்கும் பார்த்ததில்லை என்கிறார்கள். விடிந்ததும் பீடத்தை நினைத்து ஓடினேன். மைதானத்தில் இடுப்பளவு தண்ணீர். கொட்டகைத் தகரம் பாதி பறந்துவிட்டது. பார்த்தால் மதிவாணன் எனக்கு முன்னே நிற்கிறார், பட்டறை ஆட்கள் மூவரோடு. கருவடிக்குப்பத்திலிருந்து தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார்.

"எலும்ப நீங்க புடிச்சிக்கிங்க, மரத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

கல்லை எடுத்து முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர்கள் பீடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். அந்த வாரம் முழுக்க ஐந்தாம் வகுப்பு அறையில்தான் பூசை. கரும்பலகையில் பின்னக்கணக்கு, அதற்கு முன்னால் நம் பீடம். அவ்வளவு அழகாக ஒரு பூசையை நான் கண்டதில்லை.

அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

நீ கேட்ட மற்ற பீடங்கள். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி இப்போது பெந்தெகொஸ்து சபைக்குப் போகிறாள். அவளோடு போனேன். மாடியில் ஒரு ஹால், டிரம்ஸ், கீபோர்டு. பீடமே இல்லை. கடைசியில் பாஸ்டர், "பீடத்தண்ட வாங்க" என்று கூப்பிட்டதும் எல்லாரும் முன்னால் ஓடி வெறுந்தரையில் முட்டி போடுகிறார்கள். "பீடம் எங்கடி?" என்றேன். "நாம முட்டி போடுற எடந்தான்க்கா பீடம்" என்றாள்.

இங்கே மலையாளிகள் வைத்திருக்கும் சிரியன் சபைக் கோயிலுக்கும் போனேன், வண்டி கிடைத்தது. அங்கே பீடத்துக்குத் திரை போட்டு மூடியிருக்கிறார்கள். உள்ளே மணிச்சத்தமும் சாம்பிராணிப் புகையும் மட்டும். திடீரென்று திரை விலகுகிறது பார், அத்தனை விளக்கும் ஒன்றாகத் தெரிகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை கொடுத்தார்.

கலைச்செல்வன் கிறிஸ்துமஸுக்கு வந்து போனான். இளைத்திருக்கிறான்.

ரஞ்சிதம்

---

மலைமடம்
12.1.2025

அன்புள்ள அக்கா,

பொங்கல் வாழ்த்து. நீ பிழைத்த சேதி படித்து மடமே நன்றிப் பாடல் பாடியது. கல்லை அணைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றாயே, அதை நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது.

எனக்குச் சில சந்தேகங்கள். சிரியன் கோயிலுக்கு வண்டி கிடைத்தது என்கிறாய். எந்த வண்டி, யார் ஓட்டியது? பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை கொடுத்தார் என்கிறாய். ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா? ரசம் அவ்வளவுதான் என்கிறாய். நான் எதுவுமே கேட்பதற்கு முன்னால் அவ்வளவுதான் என்று ஏன் எழுதினாய்?

நான் கம்பிக்குப் பின்னால் இருக்கிறேனே தவிர, கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிலோ

---

முத்தியால்பேட்டை
16.2.2025

பிலோவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்கு வேலைதான் காரணம். ஈஸ்டர் முடிந்ததும், புதுப்பித்த கோயிலில் புதிய கற்பீடத்தைப் பேராயர் அர்ச்சிக்கிறார். புதுத்துணி தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. அந்தப் பட்டறைப் பக்கம் இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். ஈஸ்டருக்குப் பிறகு மரப்பீடத்தை என்ன செய்வது என்று சாமியார் கேட்டார். அங்கே வந்திருந்த மதிவாணன் எழுந்து, "எனக்கே குடுத்துடுங்க ஃபாதர். வீட்ல சாப்பாட்டு மேசையா வச்சிக்கிறேன்" என்கிறார்!

வெளியே வந்து கேட்டேன். "பூசை வச்ச எடத்துல கொழம்புச் சட்டி வைப்பீங்களா?"

"கல்ல எடுத்துட்டா மரந்தானேம்மா. ஆண்டவரு அப்பத்தப் புட்டுக் குடுத்தது எதுமேல? சாப்பிடுற மேசைமேலதான?"

"ஒங்களுக்கு அது மேசை. எங்களுக்கு அது பலி குடுக்கிற எடம்."

"பலி ஒரு தடவ, சிலுவையில முடிஞ்சிப்போச்சு. எங்க சபைப் போதகர் ஐயரு அப்படித்தான் சொல்றாரு."

நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். இருபது வருஷமாக அந்தத் துணியைத் துவைக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

ரஞ்சிதம்

---

மலைமடம்
3.3.2025

அக்கா,

புதன்கிழமை சாம்பல் பூசுகிறோம். அதன்பிறகு ஈஸ்டர் வரை என்னிடமிருந்து கடிதம் வராது. ஆகவே சுருக்கமாக.

சண்டையை நீ பீடத்துணி மாதிரி கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பியிருக்கிறாய். மடிப்புக்குள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது. அவர் சொன்னது அவ்வளவுதானா? ஒரு மேசைக்காக நீ இவ்வளவு கோபப்படுகிறவள் இல்லை.

நாற்பது நாளும் உனக்காக ஜெபிப்பேன். அவருக்காகவும்.

உன் தங்கச்சி

---

முத்தியால்பேட்டை
21.4.2025, ஈஸ்டர் திங்கள்

என் தங்கமே,

அல்லேலூயா! ஆண்டவர் உயிர்த்துவிட்டார், நானும்தான். உன் முழங்காலுக்குத் தைலம் வைத்திருக்கிறேன். மதருக்கு என் தோத்திரம்.

நீ கேட்டது சரி. நான் ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டேன். சாமியாரிடம் மேசை கேட்டுவிட்டு வெளியே வந்து, நான் சண்டையைத் தொடங்குவதற்கு முன்னால், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஆறடி மேசைய அறுத்துச் சின்னதாக்கிடலாம். ரெண்டு பேரு உக்காந்து சாப்பிட்டாப் போதும்."

இரண்டு பேர். எனக்குப் புரிந்துவிட்டது. பயந்துவிட்டேன், பிலோ. நாற்பத்தெட்டு வயதில், வளர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டு, வேறு சபைக்காரர். பீடத்துணியை என் கையிலிருந்து வாங்கிவிடுவார்களோ, ஊர் என்ன பேசும், எல்லாம் ஒரே நொடியில் ஓடியது. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டேன்.

அப்புறம் பெரிய வியாழன். பூசை முடிந்ததும் பீடத்தை வெறுமையாக்குவது ஒவ்வொரு வருஷமும் என் வேலை. திரிகளை எடுத்தேன். மேல்துணியை எடுத்தேன். இரண்டாவது துணி, மூன்றாவது துணி. சாமியார் கல்லையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் நற்கருணை ஆராதனைக்குப் போய்விட, நான் மட்டும் துணிகளை ஏந்திக்கொண்டு நிற்கிறேன். எதிரே நாலு கால், ஒரு பலகை. இருபது வருஷமாகக் கற்பீடத்தில் துணியை உரித்திருக்கிறேன், உள்ளே கல் தெரியும். இந்த வருஷம் மேசை தெரிந்தது. அன்றைக்கு என்ன திருநாள்? ஆண்டவர் சிநேகிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட திருநாள். அந்த மனிதர் சொன்னது பொய்யில்லையே என்று தோன்றியது. அதற்காக நான் சொன்னதும் பொய்யில்லை. மறுநாள் ஆண்டவர் பாடுபட்டதும் அந்த அப்பத்துக்குள்ளேதான் இருக்கிறது. பலகையில் கை வைத்தேன். ஒரு சிராய் இல்லை. கொட்டகையில் தனியாக நின்று சிரித்தேன்.

பெரிய வெள்ளி மதியம் அவர்கள் கோயிலுக்குப் போனேன். பீடத்துக்குக் கறுப்புத் துணி. மூன்று மணி நேரம், ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைமேல் பிரசங்கம். கடைசி பெஞ்சில் அவர். முடிந்து வெளியே வந்தபோது மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கண்டு தம்ளரோடு நின்றுவிட்டார்.

நான் கேட்டேன். "ரெண்டு பேரு சாப்பிடுறதுக்கு எத்தன அடி மேசை வேணும்?"

அவர் மோர் தம்ளரைக் கீழே வைத்தார். "மூணுக்கு ரெண்டர போதும்ங்க."

"புது மரத்துல செய்ங்க. பீடத்தத் தொடக்கூடாது."

"சத்தியமா தொடமாட்டேன்."

பெரிய வெள்ளியன்று இதையெல்லாம் பேசலாமா என்று உன் மதரைக் கேட்டுச் சொல். மரப்பீடம் கல்லறைத்தோட்டக் கோயிலுக்குப் போகிறது. சாமியார் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாராம். எங்கள் சண்டையே வீண்!

கலைச்செல்வனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. முழுக்கக் கேட்டான். பிறகு, "யம்மா, ஆறு மாசமா போன்ல பீடத்தப் பத்தியே பேசுற. நீ சாமியாராப் போகப்போறியோன்னு பயந்துட்டிருந்தேன். இது எவ்ளோ தேவலாம்" என்றான். அழுதுகொண்டே சிரித்தேன். அவனும்தான்.

எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா ரஞ்சிதம்

---

மலைமடம்
1.5.2025, தொழிலாளரான சூசையப்பர் திருநாள்

அக்கா! அக்கா!

உடம்பு சுகமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. நீ சுகம்தான், கடிதத்திலேயே தெரிகிறது.

ஒரு தச்சருக்கான திருநாளில் இதை எழுதுகிறேன். நானாகத் தேர்ந்தெடுத்த நாள் அல்ல, இன்றுதான் எழுத அனுமதி கிடைத்தது. பெரிய வெள்ளியன்று கல்யாணம் பேசலாமா என்று மதரிடம் கேட்டேன். "அன்னைக்குத்தான் ஆண்டவர் பக்கத்துச் சிலுவையில தொங்கின நல்ல கள்ளனுக்கு மோட்சமே கிடைச்சது. ஒங்கக்காவுக்கு மாப்பிள்ளை கிடைக்கக் கூடாதா?" என்றார்.

பீடத்துணியை உன்னிடமிருந்து வாங்கிவிட்டார்களா? அதை மட்டும் உடனே எழுது.

பிலோ

---

முத்தியால்பேட்டை
20.6.2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். நாங்கள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

துணியை வாங்கவில்லை. பயந்து பயந்து சாமியாரிடம் போய்க் கேட்டேன். "ஒன்ன மாதிரி மடிக்க இந்தப் பங்குல யாரும்மா இருக்கா?" என்று சிரித்தார். கலப்புத் திருமணத்துக்குப் பேராயர் இல்லத்தில் அனுமதியும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு புதிய பீடத்தை அர்ச்சித்தார்கள். பேராயர் அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கல் முழுக்க எண்ணெய் ஊற்றி உள்ளங்கையால் தேய்த்தார், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல. பீடத்தின் மேலேயே நெருப்பு வைத்துச் சாம்பிராணி போட்டார்கள். பிறகு நாங்கள் நாலு பெண்கள் போய்த் துடைத்து, முதல் துணியை விரித்தோம். கல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஜூலை 9, புதன்கிழமை காலை, அந்தப் பீடத்துக்கு முன்னால் எங்கள் கல்யாணம். அவர்கள் ஐயரும் வந்து ஜெபம் செய்கிறார். ஜவ்வரிசிக் கஞ்சி அம்மாள்தான் எனக்குத் தோழி. கலைச்செல்வன் என் கையைப் பிடித்து அழைத்துப் போவானாம். நீ வர முடியாது என்று தெரியும். ஆகவே மறுவாரம் நாங்கள் மலைக்கு வருகிறோம்.

ரஞ்சிதம்

---

மலைமடம்
2.8.2025

என் அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும்,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? மலைப்பாதையில் உனக்குத் தலைசுற்றல் வந்ததா?

நீங்கள் வந்த அன்று நான் சரியாகப் பேசவே இல்லை. கம்பிக்கிடையே உன் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுததோடு நேரம் போய்விட்டது. உன் கழுத்தில் தாலி, தலையில் கனகாம்பரம், முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நீ சின்ன வயதில் எப்படிச் சிரிப்பாய் என்பதையே நான் மறந்திருந்தேன்.

அன்று பூசையில் நடந்ததை நீ கவனித்தாயோ என்னவோ. எங்கள் பீடத்துக்கு ஒரு கால் குட்டை. சாமியார் அப்பத்தையும் இரசப்பாத்திரத்தையும் உயர்த்துவதற்குச் சற்று முன்னால் பீடத்தில் கை ஊன்றும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பதினான்கு வருஷமாக அந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. அன்று மாமாவின் தலை சட்டென்று நிமிர்ந்ததைப் பார்த்தேன். பூசை முடிந்து எல்லாரும் எழுந்ததும், மனிதர் பட்டு வேட்டியோடு பீடத்தடியில் ஊர்ந்து போய்விட்டார்! இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "ஏங்க, புது வேட்டிங்க!" என்று நீ குரல் கொடுத்தாய். உள்ளேயிருந்து, "அரை இஞ்சு ஆப்பு ஒண்ணு போதும் ரஞ்சிதம்" என்று பதில் வந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

இப்போது நீங்கள் போன பிறகு நடந்ததைக் கேள். மாமா ஆப்பு வைத்துவிட்டுப் போன மறுநாள் பூசை. பீடம் மலை மாதிரி நின்றது. ஒரு சத்தமில்லை. சாமியார் அப்பத்தை உயர்த்தினார், அப்போது அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. இரசத்தை உயர்த்தினார், மணி அடிக்கவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தால், மணிக்கயிற்றைப் பிடித்தபடி எண்பத்திரண்டு வயது சகோதரி ஞானம்மாள் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருக்கிறார். பதினான்கு வருஷமாக அந்த 'டொக்' கேட்டுத்தான் அவர் விழித்து மணியடித்திருக்கிறார்!

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. பக்கத்தில் மதரின் தோள் குலுங்கியது. அவ்வளவுதான், ஒவ்வொருவராக எல்லாரும். சாமியாரின் வலது காதுகூடச் சிவந்துவிட்டது. அந்தக் குழப்பத்தில் ஞானம்மாள் கண் திறந்து, என்ன ஏது என்று தெரியாமல், கோயில் திருநாளுக்கு அடிப்பதுபோல் மணியை அடித்தார் பார், கீழே காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்களெல்லாம் என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்கள்.

பூசையில் சிரித்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று மதரிடம் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லணும்னா நான்தான் மொதல்ல வரிசையில நிக்கணும். நீ எனக்குப் பின்னால நில்லு" என்றார்.

இருவரும் நூறு வருஷம் வாழுங்கள்.

உங்கள் பிலோ